தமிழ்நாடு காவல்துறை: எந்தக் கதவைத் தட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்பதில்லை. "யாரைப் போய்ப் பார்க்கணும்?" என்றுதான் கேட்கிறார்கள். பாதி அலைச்சல் அங்கேதான் இருக்கிறது. பெண்டாட்டி தகராற்றுக்கு எஸ்.பி. ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். ஆன்லைனில் பணம் போனதற்கு நான்கு நாள் கழித்து உள்ளூர் ஏட்டையாவிடம் போவார்கள். அப்படி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காவல்துறை மாநில அரசுடையதா, மத்திய அரசுடையதா?

மாநில அரசுடையது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்களே பொது ஒழுங்கும் காவல்துறையும்தான். எஸ்.பி.யும் அவருக்கு மேலிருப்பவர்களும் பெரும்பாலும் ஐ.பி.எஸ். அதிகாரிகள். அவர்களை மத்தியத் தேர்வாணையம் தேர்ந்தெடுத்தாலும் வேலை வாங்குவது மாநில உள்துறை. சி.பி.ஐ., ரயில்வே சொத்தைக் காக்கும் ஆர்.பி.எஃப்., விமான நிலையத்திலும் 2015 முதல் சென்னை உயர் நீதிமன்ற வாசலிலும் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப்., இவையெல்லாம் மத்திய அரசின் அமைப்புகள். ரயிலில் பை திருட்டுப் போனால் எஃப்.ஐ.ஆர். போடுவது ஆர்.பி.எஃப். அல்ல, நம் மாநிலத்தின் ரயில்வே போலீஸ். ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு காக்கிகளும் நிற்பதால் இதில் குழம்பாதவர் கிடையாது.

இந்த அமைப்பு எப்போது தொடங்கியது?

பதில் கொஞ்சம் சங்கடமானது. கம்பெனி ஆட்சியில், 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளுக்குப் பிறகு, வரி வசூலிக்கும் கலெக்டரும் தாசில்தாருமே போலீஸ் அதிகாரத்தையும் வைத்திருந்தார்கள். கிஸ்தி கட்டாதவனை வெயிலில் குனிய வைத்துக் கல்லேற்றுவதும், திருட்டு வழக்கில் ஒப்புதல் வாக்குமூலம் பிடுங்குவதும் ஒரே கையால் நடந்தன. இது லண்டன் வரை எட்டி, 1854இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855இல் வந்த அதன் அறிக்கை, குற்றச்சாட்டுகள் உண்மை என்றது. வரித்துறையிலிருந்து போலீஸைத் தனியே பிரிக்க வேண்டும் என்ற முடிவின் பலன்தான் 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம். இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1861இல்தான் வந்தது.

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, சாட்சியங்கள் அழிந்துவிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. வருவாய்த்துறையின் அடியிலிருந்து மக்களைக் காக்கப் பிரிக்கப்பட்ட துறை அது. 161 ஆண்டு கழித்து ஒரு காவல் நிலையத்தின் சாவி தாசில்தார் கைக்குத் திரும்பியது. அன்று அந்தச் செய்தியைப் படித்தபோது 1855 அறிக்கைதான் நினைவுக்கு வந்தது.

எஸ்.பி.க்கும் கமிஷனருக்கும் என்ன வித்தியாசம்? ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

உச்சியில் டி.ஜி.பி. இருக்கிறார். அவருடைய அலுவலகம் மெரினா கடற்கரை எதிரே இருக்கும் அந்த வெள்ளைக் கட்டடம். ஒரு காலத்தில் அது பிரீமேசன்களின் கூடம். அவருக்குக் கீழே சட்டம் ஒழுங்கு நான்கு மண்டலங்களாகப் பிரிகிறது: வடக்கு, மத்தி, மேற்கு, தெற்கு. மண்டலத்துக்கு ஓர் ஐ.ஜி. மண்டலத்துக்குள் இரண்டு மூன்று மாவட்டங்கள் சேர்ந்த சரகத்துக்கு ஒரு டி.ஐ.ஜி. மாவட்டத்துக்கு எஸ்.பி., உட்கோட்டத்துக்கு டி.எஸ்.பி., அதற்கும் கீழே காவல் நிலையங்கள்.

மாநகரங்களில் இந்த ஏணியே வேறு. சென்னை, ஆவடி, தாம்பரம், மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, திருப்பூர் ஆகிய ஒன்பது மாநகரங்களில் எஸ்.பி. கிடையாது; ஆணையர் இருக்கிறார். ஆவடியும் தாம்பரமும் சென்னையிலிருந்து பிரிந்து 2022 ஜனவரி முதல் நாளில் இயங்கத் தொடங்கியவை. டி.எஸ்.பி. இருக்கும் இடத்தில் உதவி ஆணையர், எஸ்.பி. நிலையில் துணை ஆணையர், அதற்கு மேல் இணை ஆணையர், கூடுதல் ஆணையர் என்று போகும்.

பெயர் மட்டும்தான் மாறுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அதிகாரமும் மாறுகிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் ஒருவரை அதில் அடைக்க எஸ்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், கையெழுத்துப் போட வேண்டியவர் கலெக்டர். அதாவது போலீஸ் சொல்வதை இன்னொரு துறையின் கண் ஒருமுறை பார்க்கிறது. மாநகரத்தில் ஆணையரே கையெழுத்துப் போட்டுவிடலாம். ஊர்வலம், ஆர்ப்பாட்டம் விஷயத்திலும் அப்படித்தான். 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி ஆணையர் தடை போடலாம். சென்னையில் அந்தத் தடை பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சாங்கம் மாதிரிப் புதுப்பிக்கப்படுவதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள்.

நன்னடத்தைப் பத்திரம் வாங்குவது, மீறினால் சிறையில் அடைப்பது ஆகிய நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) அதிகாரங்களும் சில ஆண்டுகள் துணை ஆணையர்களிடம் இருந்தன. அதைக் கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. பிடிப்பவரே தண்டிப்பவராகவும் இருக்கக் கூடாது என்பதே காரணம். என்னைக் கேட்டால், தாமதமாக வந்த நல்ல தீர்ப்பு.

தோளில் இருக்கும் நட்சத்திரத்தை வைத்து யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் இரண்டு பட்டை முதல்நிலைக் காவலர். மூன்று பட்டை தலைமைக் காவலர். 'ஹெட்' தேய்ந்து 'ஏட்டு' ஆனவர் இவர்தான். தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு சிவப்பு-நீல நாடா இருந்தால் எஸ்.ஐ.; மூன்று நட்சத்திரமும் நாடாவும் இன்ஸ்பெக்டர்; நாடா இல்லாமல் மூன்று நட்சத்திரம் டி.எஸ்.பி. அசோகச் சின்னம் தெரிந்தால் கூடுதல் எஸ்.பி.யான ஏ.டி.எஸ்.பி.யும் அதற்கு மேலும். வாளும் தடியும் குறுக்கே இருந்தால் ஐ.ஜி. முதல் டி.ஜி.பி. வரை. எஸ்.எஸ்.ஐ. எனப்படும் சிறப்பு உதவி ஆய்வாளர், காவலராகச் சேர்ந்து படிப்படியாக வந்தவர். இரண்டாம் நிலைக் காவலராக நுழைந்து பத்து ஆண்டில் முதல்நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் எஸ்.எஸ்.ஐ. என்பதே நெடுங்காலமாக இருந்த கணக்கு. ஊரின் நெளிவு சுளிவு தெரிந்தவர் பெரும்பாலும் இவர்தான்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் யாரிடம் பேசுவது?

வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பாரா. அவரிடம் விவரம் சொல்ல வேண்டாம், "புகார் கொடுக்க வந்தேன்" என்றால் போதும். உள்ளே வரவேற்பு மேசை இருக்கும். மேசையில் ஆள் இல்லையென்றால் ரைட்டரைத் தேடுங்கள். ஸ்டேஷன் ரைட்டர் என்பவர் பெரும்பாலும் ஓர் ஏட்டு. பொது நாட்குறிப்பு, வழக்குக் கோப்பு, கோர்ட்டுக்குப் போகும் தபால், பந்தோபஸ்துக்கு யார் போவது என்ற டூட்டிப் பட்டியல் எல்லாம் அவர் கையில். ஆய்வாளர் மாறிக்கொண்டே இருப்பார். கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது ரைட்டருக்குத்தான் தெரியும்.

நிலையத்தின் பொறுப்பு ஆய்வாளருடையது. பெரிய நகரங்களில் ஒரே கட்டடத்தில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு ஓர் ஆய்வாளர், சில இடங்களில் போக்குவரத்துக்கு இன்னொருவர் இருப்பார்கள். அடிதடி, மிரட்டல் என்றால் முதலாமவர். நகை, வண்டி, வீட்டில் திருட்டு என்றால் இரண்டாமவர். மப்டியில் வந்து டீக்கடையில் ஊர் நிலவரம் கேட்பவர் தனிப்பிரிவு ஏட்டு. அவர் எழுதுவது நேரே எஸ்.பி.க்குப் போகும், ஆய்வாளரைப் பற்றியதும் உட்பட.

சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். வழக்குப் போட்டாயிற்று என்று அர்த்தமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவே. எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கைதான் வழக்கு. அது போட்டால்தான் புலன்விசாரணை, கைது, குற்றப்பத்திரிகை என்று அடுத்தடுத்த சக்கரங்கள் சுழலும். அதன் நகல் நீதித்துறை நடுவருக்குப் போகும். இன்னொரு நகல் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும்.

வாரன்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2013இல் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு இதில் சிறிய மாற்றம் செய்தது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்திப் பார்க்கலாம். மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் புகார் தரலாம், ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

நடைமுறையில் சி.எஸ்.ஆரைக் கையில் கொடுத்து இருதரப்பையும் கூப்பிட்டுப் "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்புவது நிறைய நடக்கிறது. சின்ன வாய்த்தகராற்றுக்கு அது நல்லதும்கூட. தலையில் ஆறு தையல் போட்டவருக்கு அது நியாயமில்லை.

"எங்க எல்லையில் வராது" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்படிச் சொல்ல முடியாது. எங்கே நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் புகார் பதியலாம் என்பதைப் புதிய சட்டம் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

வழக்கே பதிய மறுத்தால்?

புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்கு, மாநகரமென்றால் ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதே புதிய சட்டத்தின் 173(4) இதைத்தான் சொல்கிறது. பதிவுத் தபால் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் அடுத்த படிக்கு டிக்கெட். அங்கும் அசைவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். அவர் 175(3)இன் கீழ் விசாரிக்க உத்தரவிடலாம். வாராந்திரக் குறைதீர் முகாமில் மனுக் கொடுத்து வருடக்கணக்கில் அலைகிறவர்கள் இந்த வழியை எடுப்பதேயில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை.

நிலத் தகராறு, கைமாற்றுப் பணம் வராமை, இதற்கெல்லாம் போலீஸ் உதவுமா?

வரப்புத் தகராறு, பட்டாவில் பெயர் சேர்த்தல், பாகப்பிரிவினை ஆகியவை தாலுகா ஆபீஸும் சிவில் கோர்ட்டும் பார்க்க வேண்டியவை. கொடுத்த கடன் திரும்பவில்லை என்பதும் தனியே குற்றமாகாது. ஆனால் போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் செய்து பதிவு, மிரட்டிக் காலி செய்ய வைத்தல் இருந்தால் அது கிரிமினல். தொகை பெரிதாக இருந்தால் மாவட்டக் குற்றப்பிரிவு அல்லது மாநகரின் மத்தியக் குற்றப்பிரிவு பார்க்கும். நில அபகரிப்புக்கென்று 2011இல் தனிப்பிரிவுகளும் தொடங்கப்பட்டன. ஸ்டேஷனில் உட்கார வைத்து வெற்றுத்தாளில் எழுதி வாங்கினால் அது கட்டப்பஞ்சாயத்து; எந்தத் தரப்புக்கும் அந்தத் தாள் நிற்காது.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு எந்தப் புகாரோடு போகலாம்?

குடும்ப வன்முறை, வரதட்சணைக் கொடுமை, ஏமாற்றிவிட்டுக் கல்யாணத்துக்கு மறுப்பது, பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள். தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தது 1973இல். முதல் மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் திறந்தது. 2010இல் லத்திகா சரண் மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நிலையங்களில் முதலில் நடப்பது கவுன்சலிங். சேர்ந்து வாழ வாய்ப்பிருந்தால் சரி. உடம்பில் காயத்தோடு போன பெண்ணையும் "ஒரு தடவை அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பினால், கவுன்சலிங் வேண்டாம் வழக்குப் பதியுங்கள் என்று எழுத்தில் கேட்கலாம். மகளிர் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. சாதாரண நிலையமும் வாங்க வேண்டும். பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.

"விசாரணைக்கு வா" என்று போன் வந்தது. போக வேண்டுமா?

எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது. வீட்டுக்குத்தான் வந்து விசாரிக்க வேண்டும். இது புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 179. சந்தேக நபராக அழைத்தால் 35(3)இன் கீழ் அறிவிப்பு வரும். அதை மதித்துப் போங்கள். ஒளிந்தால் கைதுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

கைது செய்தால் என்னென்ன உரிமை?

காரணம் சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்தபின் உதிக்கும்வரை பெண்களைக் கைது செய்ய விசேஷக் காரணமும் நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது. நடுவர் "அடித்தார்களா?" என்று கேட்கும்போது வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு, ஜெயிலில் போய்ப் புலம்புகிறவர்கள்தான் அதிகம். அந்த ஒரு நிமிடத்துக்கு விலையே கிடையாது.

சி.பி.சி.ஐ.டி., க்யூ பிரிவு என்றெல்லாம் சொல்கிறார்களே, அவர்களிடம் நேரே போகலாமா?

பெரும்பாலும் முடியாது. மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையான சி.பி.சி.ஐ.டி.க்கு வழக்கு டி.ஜி.பி., அரசு அல்லது நீதிமன்றம் மாற்றினால்தான் போகும். தீவிரவாத அமைப்புகளையும் இலங்கைத் தமிழர் முகாம்களையும் கவனிப்பது க்யூ பிரிவு. சீட்டு, நிதி நிறுவன மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் நேரே புகார் தரலாம். ரேஷன் அரிசிக் கடத்தலுக்குக் குடிமைப்பொருள் புலனாய்வு, சாராயத்துக்கு மதுவிலக்கு அமலாக்கம், கடலுக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். லஞ்ச ஒழிப்புத்துறையில் வேலை பார்ப்பவர்கள் போலீஸ்காரர்கள்தான், ஆனால் அந்தத் துறை டி.ஜி.பி.க்குக் கீழே வராது.

இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத பிரிவு ஒன்று நம்மிடம் உண்டு: 1983இல் தொடங்கிய சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்றிருந்தார். 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்தார். உங்கள் ஊர்ப் பழைய கோயில் சிலைகளைப் படமெடுத்து வைத்திருந்தால் என்றைக்காவது இவர்களுக்கு உதவும்.

கலவரத்துக்கு லாரியில் வந்து இறங்குபவர்கள் யார்?

இரண்டு வகை. மாவட்ட, மாநகர ஆயுதப்படையை ஏ.ஆர். என்பார்கள். கைதி வழிக்காவல், வி.ஐ.பி. பாதுகாப்பு, திருவிழா பந்தோபஸ்து இவர்கள் வேலை. பட்டாலியன் என்பது தமிழ்நாடு சிறப்புக் காவல்படை; ஆவடி, மணிமுத்தாறு, உளுந்தூர்பேட்டை, பழனி போன்ற இடங்களில் முகாம்கள் உண்டு. வெள்ளம் வந்தால் படகோடு வருபவர்களும் இவர்களில் பயிற்சி பெற்றவர்களே. ஊர்க்காவல் படையினர் காக்கி உடுத்தியிருந்தாலும் போலீஸ் அல்ல, தன்னார்வலர்கள்.

போலீஸில் சேர எப்படி?

காவலர், எஸ்.ஐ. வேலைக்கு 1991இல் அமைந்த சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். டி.எஸ்.பி.க்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1. ஐ.பி.எஸ்.ஸுக்கு டெல்லித் தேர்வு. காவலராகத் தேர்வானவர் உடனே ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட முடியாது, ஏ.ஆரிலோ பட்டாலியனிலோ சில ஆண்டு கழித்த பிறகே தாலுகா போலீஸுக்கு, அதாவது காவல் நிலையப் பணிக்கு, வருவார்.

போலீஸ் மீதே புகார் என்றால்?

உயரதிகாரியிடம் கொடுப்பது ஒரு வழி. மாநில மனித உரிமை ஆணையம் இன்னொன்று. நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டத்திலோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர், மாவட்டத்துக்குக் கலெக்டர் என்று எழுதினார்கள். பூனைக்கு மணி கட்டும் பொறுப்பைப் பூனையின் உறவினரிடமே கொடுத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

நடைமுறையில் கைகொடுப்பது கேமரா. லாக்-அப், வாசல், வராந்தா என்று நிலையம் முழுக்க கேமரா வைக்க 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவை எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். சம்பவம் நடந்த மறுநாளே தேதி, நேரம் குறிப்பிட்டுப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு எந்த எண்?

100 அல்லது 112. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ஆன்லைனில் பணம் போனால் 1930. நிமிடக் கணக்கு முக்கியம், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மனு எப்படி எழுதுவது?

ஒரு பக்கத்துக்குள். என்று, எத்தனை மணிக்கு, எங்கே, யார், என்ன செய்தார், யார் பார்த்தார்கள். பரம்பரைப் பகையெல்லாம் வேண்டாம். பத்து வருடக் கதையை எழுதினால் நேற்று நடந்தது காணாமல் போய்விடும். சட்டப் பிரிவுகளை நீங்கள் எழுதத் தேவையில்லை, அது அவர்கள் வேலை. இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.